மடங்கும் பாய்மரம் அடம்பிடிக்கும்போது

பாய்மரத்தின் அடியில் கீல் வைக்கும் வேலையை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிட்டேன். அந்த மரம் ஒழுங்காகச் சாய்ந்து ஒழுங்காக நிமிர மூன்று கோடைகாலம் எடுத்தது.

என் படகு 22 அடி, ஃபைபர் கிளாஸ். மரம் 7.5 மீட்டர் அலுமினியக் குழாய், கம்பி விளக்கு எல்லாம் சேர்த்து 25 கிலோ. படகைக் கட்டியிருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பிராட்ஸில். ஆறும் ஏரியுமாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடலாம். பாலங்கள்தான் தொல்லை. பாட்டர் ஹெயமில் இருக்கும் பழைய கல்பாலம் இடைக்காலத்தது. சராசரி உயர்நீரில் அதன் நடு வளைவுக்குக் கீழே 2 மீட்டர் அளவுக்குத்தான் இடம். ஹிக்லிங் ஏரி அந்தப் பாலத்துக்கு அப்பால் கிடக்கிறது. மரத்தைச் சாய்க்க முடியாதவர் பாலத்தடியில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

என் மரம் ஒருவழியாகச் சொன்னபடி கேட்கத் தொடங்கியதும், பக்கத்தில் படகு கட்டியிருப்பவர்கள் "எங்களுடையதையும் ஒருக்கால் வந்து பார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போய்ப் பார்த்தால் எங்கும் அதே எட்டொன்பது முறைப்பாடுகள். அவற்றைத்தான் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிப்பது கடைசியில்.

சொற்கள் குழம்பாமல் இருக்க: படகின் முன்நுனி அணியம். மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளில் அணியத்துக்குப் போவது முன்கம்பி, இரண்டு விலாவுக்கும் போவது பக்கக் கம்பிகள். பக்கக் கம்பியைப் படகோடு பூட்டும் உலோகப் பட்டை செயின்பிளேட். கம்பியை இறுக்கும் திருகு பாட்டில்ஸ்க்ரூ. பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான், வல்வெட்டித்துறையில் என் பெரியப்பா சொன்ன அதே சொல்தான். மரத்தின் அடியை இருபுறமும் அணைத்து நிற்கும் இரட்டைத் தகட்டுக் கூட்டை இங்கே டேபர்னக்கிள் என்கிறார்கள். அதன் குறுக்கே போகும் ஆணியில் மரம் சுழல்கிறது. நான் சொல்வதெல்லாம் பின்பக்கம் சாயும் மரத்துக்கு. முன்பக்கம் சாய்ப்பவர்கள் முன், பின் என்பதை மாற்றி வாசிக்கவும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மேலே பாருங்கள். மின்கம்பி தெரிந்தால் அந்த இடத்தில் மரத்தைத் தொடவே வேண்டாம். அலுமினிய மரம் கம்பியை முட்டக்கூட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே மின்சாரம் பாயலாம். பிறகு படகின் அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிக் கட்டுங்கள். மரம் விழக்கூடிய பாதையில் ஒருவரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் கரையில்.

எங்காவது சிக்கினால் இழுவையை நிறுத்திவிடுங்கள். 25 கிலோ மரம் தானாகச் சிக்கிச் செய்யும் சேதம் சிறியது. அதைச் சிக்கலோடு சேர்த்து இழுப்பவர் செய்யும் சேதம்தான் பெரியது.

## அறிகுறி 1: மரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

### கண்ட கண்ட இடத்தில் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு கோணம்

ஏதோ ஒரு கயிறு இன்னும் கட்டுப்பட்டிருக்கிறது. காக்பிட் (பின்பக்கம் உட்காரும் குழி) வரை பின்னோக்கிக் கொண்டுவந்த ஆஞ்சான்களை, கயிறு கட்டும் கிளீட்டிலிருந்து கழற்றினீர்களா? பூமை (பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் கிடைத்தண்டு) கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு? முன்பாயின் கயிறு?

முதல் கோடையில் ஒருநாள் மருமகன் முன்தளத்தில் நின்று கப்பிக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தான், நான் பின்னால் மரத்தை ஏந்த நின்றேன். திடீரென்று "மாமா, இறுகுது! பிடிச்சுக் கொள்ளுங்கோ!" என்றான். நான் கீலைக் குனிந்து பார்த்தேன், பக்கக் கம்பியைப் பார்த்தேன், ஆணிக்கு எண்ணெய் விட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: பூமுக்கும் மரத்தின் அடிக்கும் நடுவே இருந்த சின்னக் கப்பி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து பூமை முழுதாகக் கழற்றித் தளத்தில் கிடத்திய பிறகுதான் மரத்தில் கை வைக்கிறேன்.

### ஆரம்பத்திலேயே, 10 பாகைக்குள், உலோகம் உரசி நிற்கிறது

மரத்தின் குதிகால் டேபர்னக்கிளின் அடித்தகட்டில் முட்டுகிறது. மரத்தின் தலை பின்னால் சாய, ஆணிக்குக் கீழே இருக்கும் அடி முன்னால் நகரும். அப்போது பின்மூலை ஆணிக்கு நேர் கீழே வந்து கடக்க வேண்டும். அந்த மூலை ஆணியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். என் மரத்தில் ஆணி அடித்தகட்டிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது, மரத்தின் பின்முகத்திலிருந்து 60 மில்லிமீட்டர் உள்ளே. ஆகவே ஆணியிலிருந்து மூலைக்கு 100. இருக்கிற இடமோ 80. அந்த 20 மில்லிமீட்டருக்காகத்தான் மரம் அழுதது.

மலிவான தீர்வு, பின்மூலையை அரத்தால் வளைவாக ராவிவிடுவது. குழாயின் அடியில் வார்ப்புக் குதிகால் பொருத்தியிருந்தால் அதை மட்டும் ராவலாம். ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது உட்காரும் பரப்பு ரொம்பக் குறைந்துவிடக் கூடாது, பாதிக்கு மேல் எஞ்ச வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் ஆணியை மரத்தின் பின்முகத்தை ஒட்டி நகர்த்த வேண்டும். புதுத் துளை, புதுத் தகடு, வெல்டிங். அது பட்டறை வேலை.

### 20 பாகைக்கு மேல் போனதும் பக்கக் கம்பி வீணைத் தந்தி மாதிரி இறுகுகிறது

செயின்பிளேட்டுகள் ஆணிக்கு முன்னால் இருக்கின்றன. மரம் பின்னால் போகப் போகக் கம்பிக்கு அதிக நீளம் தேவைப்படுகிறது. கம்பி நீளாது.

சோதனைக்கு ஒரு நூலே போதும். குளிர்காலத்தில் மரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது, இடது செயின்பிளேட் துளையிலிருந்து வலது துளைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் ஆணியின் துளை வழியாகப் போனால் நீங்கள் புண்ணியம் செய்தவர், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. நூல் ஆணிக்கு முன்னால் போனால் மரம் இறங்க மறுக்கும். பின்னால் போனாலும் கீழே போனாலும் இறங்கும், ஆனால் ஆடும். ஆட்டத்தின் கதை அடுத்த அறிகுறியில்.

நூல் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் முன்னால் என்றால், சாய்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பாட்டில்ஸ்க்ரூவைச் சம அளவு தளர்த்தினால் போதும். எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், நிமிர்த்தியதும் அதே எண்ணிக்கை திரும்ப வேண்டும். அதற்கு மேல் என்றால் பாட்டில்ஸ்க்ரூவின் மரை போதாது. செயின்பிளேட்டை இடம் மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு ரிக்கரை (பாய்மரம், கம்பி வேலை செய்யும் தொழில்காரர்) கூப்பிடுங்கள். காற்றில் மரத்தின் மொத்த இழுவையும் அந்தப் பட்டை வழியாகத்தான் படகின் உடம்புக்குப் போகிறது. அதைத் தளத்தில் நினைத்த இடத்தில் நாலு போல்ட் போட்டு நிறுத்த முடியாது.

## அறிகுறி 2: சாயும்போது மரம் பக்கவாட்டில் ஆடுகிறது

பாதி சாய்ந்த மரம், பக்கத்தில் ஒரு மோட்டார் படகு எழுப்பும் அலை, மரம் ஒரு பக்கம் வீசி டேபர்னக்கிள் கிறீச்சிடும் சத்தம். அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பக்கக் கம்பிகள் தொய்ந்துபோவதே காரணம். ஆணி செயின்பிளேட்டை விட 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பி மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். மரம் முழுதாகப் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் கம்பி மிச்சமாகத் தொங்கும். செயின்பிளேட் பின்னால் தள்ளி இருந்தாலும் கணக்கு இதுதான், 20 சென்டிமீட்டர் பின்னால் என்றால் 20 சென்டிமீட்டர் தொய்வு. அந்தத் தொய்வுக்குள் மரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். எல்லா விசையும் ஆணியிலும் இரண்டு தகட்டிலும் வந்து விழும்.

காசில்லாத வழி. இடமும் நேரமும் பார்த்துச் சாய்ப்பது. ஆற்றின் நடுவில் வேண்டாம், கரையில் கட்டிய பிறகு, வாடகைப் படகுகள் குறைந்த காலை வேளையில். பின்னால் ஒருவர் மரத்தைக் கையில் வாங்க நிற்கட்டும்.

சில்லறைச் செலவு. மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே விரல்நகம் போகிற இடைவெளி இருந்தால் இரு பக்கமும் நைலான் வாஷர் போட்டு நிரப்புங்கள். ஆட்டம் முழுதாகப் போகாது, ஆனால் தொடங்கும் இடத்திலேயே அடங்கும்.

சரியான வழி. துணைக் கயிறுகள். மரத்தில் சுமார் 2 மீட்டர் உயரத்தில் இரு பக்கமும் நீளாத கயிறு ஒவ்வொன்று (நான் போட்டது 6 மில்லிமீட்டர் டைனீமா). அதன் கீழ்முனை ஒரு வளையத்தில் முடிகிறது. வளையத்திலிருந்து இரண்டு கால்கள், ஒன்று முன்னால் தள்ளியும் ஒன்று பின்னால் தள்ளியும் தளத்தின் ஓரத்துக்குப் போகின்றன. அந்தக் கால்களின் நீளத்தை, வளையம் ஆணிக்கு நேர்கோட்டில், அதே உயரத்தில், அந்தரத்தில் நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். செயின்பிளேட் ஆணிக்குப் பின்னாலோ கீழேயோ இருந்தாலும் இனிப் பரவாயில்லை, துணைக் கயிற்றின் சுழல்மையம் மரத்தின் சுழல்மையத்தோடு ஒத்துப்போய்விட்டது. மரம் முழுப் பாதையிலும் நேராக இறங்கும். இதைச் சரியாகக் கட்ட எனக்கு ஒரு மாலை நேரம் பிடித்தது, முக்கால்வாசி நேரம் வளையத்தின் உயரத்தை அளப்பதில் போனது. இரண்டு சென்டிமீட்டர் பிசகினாலும் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொங்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம். தகடு வளைந்திருந்தால், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரிக் கோடு தெரிந்தால், அந்த மரத்தை இனி நீங்கள் சாய்க்கக் கூடாது, பாய் ஏற்றவும் கூடாது.

## அறிகுறி 3: இறங்கிவிட்டது, ஏற மாட்டேன் என்கிறது

எல்லோருக்கும் வரும். முன்கம்பியின் நுனியில் கப்பிக் கயிறு கட்டி, அணியத்திலிருந்து இருவர் இழுப்பார்கள். மரம் அசையாது. இன்னும் பலமாக இழுப்பார்கள். மரம், பின்னால் அதை ஏந்தி நிற்கும் தாங்குகட்டையில் இன்னும் அழுத்தி உட்காரும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். மரம் படுத்திருக்கும்போது, மரத்தின் தலைப்பக்கத்திலிருந்து அணியத்துக்குப் போகும் கம்பி ஆணிக்குக் கீழாகவே போகிறது. அதை இழுப்பது மரத்தைத் தூக்காது, அழுத்தும். எத்தனை பேர் வந்து இழுத்தாலும் அதே கதைதான்.

### முதலில் பார்க்க வேண்டியவை

தொய்ந்த பக்கக் கம்பி ஏதாவது ஜன்னல் விளிம்பிலோ கிளீட்டிலோ மாட்டியிருக்கிறதா? பின்கம்பி தண்ணீருக்குள் போய்ச் சுக்கானைச் சுற்றியிருக்கிறதா? கப்பியின் சக்கரம் சுழல்கிறதா அல்லது கயிறு அதன்மேல் தேய்ந்து வழுக்குகிறதா? இந்த மூன்றிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

### ஆள் பலத்தால் தூக்குவது

ஒருவர் பின்தளத்தில் நின்று மரத்தைத் தோளுக்கு ஏற்றித் தள்ள, இன்னொருவர் முன்னால் கயிற்றை இழுப்பது. 30, 35 பாகை வரை தோள்தான் தூக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முன்கம்பிக்குப் பிடி கிடைக்கும். இரண்டு திடகாத்திரமான ஆட்கள், 25 கிலோ மரம், அமைதியான தண்ணீர் என்றால் நடக்கும். எனக்கு இடுப்பு பிடித்ததோடு இந்த முறை முடிந்தது.

### ஜின்போல்

மரத்தின் அடியிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு தண்டு. மரத்துக்குச் செங்குத்தாக நிற்கும், அதன் நுனியில் முன்கம்பியும் கப்பிக் கயிறும் சேரும். மரம் படுக்கும்போது தண்டு நிமிர்ந்து நிற்கும். ஆகவே கயிறு ஆணியை விட உயரத்தில் இருந்து இழுக்கும்.

என் அளவுகள்: தண்டு 1.8 மீட்டர், ஆணியிலிருந்து அணியத்தின் கொக்கிக்கு 2.2 மீட்டர். மிகக் கடினமான கணத்தில், அதாவது மரம் தாங்குகட்டையை விட்டு எழும்பும்போது, கயிற்றில் வரும் இழுவை சுமார் 66 கிலோ. நாலு மடங்குக் கப்பி போட்டால் கைக்கு 17 கிலோ. கப்பியின் உராய்வையும் சேர்த்தால் 20, 25. என் மனைவி ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறுகையால் தொலைபேசியில் கதைக்கிறா.

ஜின்போல் பக்கவாட்டில் சரிந்து விழுவதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கும் இரண்டு துணைக் கயிறு வேண்டும். அவற்றின் கீழ்முனையும் ஆணியின் நேர்கோட்டிலேயே இருக்க வேண்டும். அறிகுறி 2-ல் கட்டிய அதே வளையங்கள் இதற்கும் உதவும்.

### ஈயம் கட்டலாமா?

பிராட்ஸில் ஓடும் பழைய சரக்குப் படகான வெரியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். 1898-இல் கட்டிய ஆல்பியன் என்ற வெரி இன்றும் இருக்கிறது. அதன் கனத்த மரம் அடியில் கட்டிய ஈயத்தின் எதிர்ப்பாரத்தால் மிதமான கயிற்று இழுவைக்கே எழும்பும். பழைய மரப் பாய்ப்படகுகளிலும் முன்தளத்தில் ஒரு மூடி திறக்கும், ஈயம் கட்டிய அடி அதன் வழியாக மேலே சுழன்று வரும்.

நம் படகில் கணக்குப் போடுங்கள். 25 கிலோ மரத்தின் புவியீர்ப்பு மையம் ஆணிக்கு 3.7 மீட்டர் மேலே. ஆணிக்குக் கீழே அரை மீட்டரில் ஈயம் கட்டினால் 185 கிலோ தேவை. 22 அடிப் படகின் முன்தளத்தில் இரண்டரை ஆளை நிரந்தரமாக உட்கார வைப்பது போல. வெரிக்கு அந்த இடமும் மிதப்பும் உண்டு, நமக்கில்லை.

### செய்யக் கூடாதது

கையால் முடியவில்லை என்று வலுவான வின்ச்சை (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) பூட்டாதீர்கள். சிக்கினால் கை உணர்ந்து நின்றுவிடும். வின்ச் ஏதாவது முறியும் வரை இழுத்துக்கொண்டே போகும்.

## அறிகுறி 4: நிமிர்ந்த மரம் 'டக் டக்' என்கிறது, ஆணி வளைகிறது, துளை முட்டை வடிவமாகிறது

நான் போய்ப் பார்த்த வீட்டுத் தயாரிப்பு டேபர்னக்கிள்களில் பாதிக்கு மேல் இந்தக் குறை இருந்தது, என்னுடையதில் உட்பட.

ஆணி மரம் சுழல மட்டும்தான். நிமிர்ந்து நிற்கும்போது மரத்தின் பாரம் குதிகால் வழியாக அடித்தகட்டில் இறங்க வேண்டும். மரத்தின் எடை மட்டும் இல்லை, இறுக்கிய கம்பிகள் எல்லாம் சேர்ந்து மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. அது மரத்தின் எடையைப் போலப் பல மடங்கு. அத்தனையும் ஒரு ஆணியில் தொங்கினால் ஆணி வளையும். அல்லது ஆணி கெட்டியாக நின்று அலுமினியத்தைத் தின்னும்.

காகிதச் சோதனை. மரத்தை நிமிர்த்திக் கம்பிகளை வழக்கம்போல இறுக்குங்கள். ஒரு காகிதத் துண்டை குதிகாலுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் நுழையாவிட்டால் நல்லது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பாரம் ஆணியில் இருக்கிறது.

விரல் சோதனை. கம்பிகள் இறுகியிருக்கும்போதே ஆணியின் தலையைப் பிடித்துத் திருகுங்கள். விரலால் சுழல வேண்டும். குறடு தேவைப்பட்டால் அதே நோய்தான்.

தீர்வு 1: குதிகாலுக்குக் கீழே, இடைவெளிக்கு அளவான கெட்டி நைலான் தகடு. இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து வெட்டுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

தீர்வு 2: மரத்தில் இருக்கும் ஆணித்துளையை மேல்நோக்கி 3, 4 மில்லிமீட்டர் நீட்டி நீள்துளையாக்குவது. மரம் தளர்ந்து அடியில் உட்கார அது இடம் கொடுக்கும். துளை மரத்தில்தான் நீள வேண்டும், டேபர்னக்கிள் தகட்டில் இல்லை. ஒரு நண்பர் தகட்டில் நீட்டிவிட்டார், மரம் நிமிரும் கணத்தில் ஒரு பக்கம் மேலே ஏறிக் கோணலாக நின்றது.

ஆணியைச் சுற்றி வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் அது உப்பில்லை. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் கரையும், அந்த மிச்சம்தான் மாவு. கம்பித் தூரிகையால் சுரண்டி, இரண்டுக்கும் நடுவே நைலான் புஷ்ஷும் டியூராலாக் பசையும் போடுங்கள். பிராட்ஸின் தண்ணீர் பெரும்பாலும் நன்னீர்தானே என்று அலட்சியம் வேண்டாம், கடலோரத்துக் கிரேட் யார்மத் பக்கம் போய் வருபவர்களுக்கு உப்பு தாராளமாகக் கிடைக்கும்.

துளையிலிருந்து கீறல் கிளம்பியிருந்தால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் இல்லை. அடிப்பகுதியை வெட்டி உள்ளே தடித்த குழாய் செருக வேண்டியிருக்கும். பாய்மரம் செய்யும் பட்டறையில் கொடுங்கள்.

## அறிகுறி 5: பக்கக் கம்பி வாரா வாரம் தளர்கிறது

புதுக் கம்பி முதல் சில பயணங்களில் கொஞ்சம் இளகும், அது இயல்பு. அதற்குப் பிறகும் தொடர்ந்தால்:

பாட்டில்ஸ்க்ரூவில் பூட்டு ஊசி இருக்கிறதா? மரத்தை அடிக்கடி ஏற்றி இறக்குபவர்கள் சோம்பலில் ஊசியை விட்டுவிடுவார்கள், படகின் அதிர்வில் திருகு தானாகக் கழன்று வரும். காசு செலவில்லாத விடை இதுதான், இதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால், தளம் அமிழ்கிறது. முன்பு மரம் நின்ற இடத்தைவிட டேபர்னக்கிளின் அடித்தகடு சிறியதாகவோ வேறு இடத்திலோ இருந்தால் பாரம் தாங்கும் தூணைத் தப்பி வெறும் தளத்தில் விழுகிறது. ஒரு நேரான பலகையைத் தளத்தின் குறுக்கே வைத்து அதன் கீழே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். கேபினுக்குள் கதவு புதிதாக உரச ஆரம்பித்திருக்கிறதா? திருப்புளியின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது டேபர்னக்கிளை நெருங்க 'பொத்' என்று மாறினால், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே இருக்கும் பால்சா மரம் ஊறிவிட்டது.

இதில் நீங்களே செய்யக்கூடியது ஒன்றுதான்: கம்பிகளைத் தளர்த்தி, மரத்தை இறக்கி, படகைக் கட்டி வைப்பது. மிச்சம் தொழில்காரர் வேலை. தளத்தைத் திறந்து, ஊறியதை எடுத்து, அடியில் தூண் நிறுத்த வேண்டும். 'இந்தப் பருவத்தை மட்டும் ஓட்டிவிட்டுப் பார்ப்போம்' என்று இன்னும் இறுக்குபவர்களுக்குச் செலவு இரட்டிப்பாகும்.

## அறிகுறி 6: டேபர்னக்கிளைச் சுற்றிக் கேபினுக்குள் நீர் சொட்டுகிறது

அறிகுறி 5-க்கு இதுதான் முன்னோட்டம், ஒத்திப்போடாதீர்கள். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் ஒரு டிஷ்யூத் துண்டை ஒட்டி, மேலே குழாயால் தண்ணீர் விடுங்கள். நனைந்த துண்டு எது என்று பார்த்து அந்த போல்ட்டைக் கழற்றி, துளையை அகலமாக்கி, எப்பாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் புதுத் துளை போடுங்கள். போல்ட் தலையைச் சுற்றி பியூட்டைல் நாடா. சிலிக்கானை மேலே பூசி மூடுவது நீரை உள்ளே சிறை வைப்பதுதான்.

## அறிகுறி 7: பாட்டில்ஸ்க்ரூ வளைந்திருக்கிறது, கம்பியில் இழை கிளம்புகிறது

மரம் சாயும்போது கம்பியும் பின்னால் சாய்கிறது. பாட்டில்ஸ்க்ரூ செயின்பிளேட்டில் ஒரு திசையில் மட்டும் அசைந்தால் மற்றத் திசையில் மரை வளையும். இரு திசையும் அசையும் டாகிள் ஒன்றை நடுவில் போடுங்கள். சின்னச் சாமான், ஆனால் நிரந்தரமாக நிற்கும் மரத்தை மடக்குமரமாக்கும்போது எல்லோரும் மறக்கும் சாமான். வளைந்த பாட்டில்ஸ்க்ரூவைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

கம்பியின் முனைப்பூண் அருகே பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. 19 இழையில் ஒன்றுதானே என்று விட வேண்டாம், அறுந்தது வெளியே தெரிகிறது, அறுந்துபோகக் காத்திருப்பது பூணுக்குள் இருக்கிறது. கம்பியை மாற்றுங்கள், அளவெடுத்துப் பூண் அழுத்தும் வேலை ரிக்கருடையது.

## அறிகுறி 8: மரத்தின் விளக்கு எரியவில்லை

தளத்தில் இருக்கும் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்தால் குறை மேலே, வராவிட்டால் கீழே. மேலே என்றால் முதலில் கீல் அருகே பாருங்கள், ஒயர் குதிகாலுக்கு அடியில் அகப்பட்டு நசுங்கியிருக்கும். புது ஒயரை ஆணிக்கு மேலே மரத்தின் பக்கத்தில் துளையிட்டு வெளியே எடுத்து, ஒரு சாண் தொய்வு விடுங்கள்.

## அறிகுறி 9: எல்லாம் ஒழுங்காக இறங்கிவிட்டது, ஆனாலும் பாலம் இடிக்கிறது

சிரிக்காதீர்கள். முதல் தடவை பாட்டர் ஹெயமுக்குப் போனபோது, மரம் சாதுவாகப் படுத்திருந்தது. நானும் பெருமையாகப் பாலத்தை நோக்கித் திருப்பினேன். கரையில் தேநீர்க் கோப்பையோடு இருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். பதிலுக்கு நானும் கை ஆட்டினேன். பிறகுதான் அவர் எதைக் காட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்: மரம் படுத்ததால் ஜின்போல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது, தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில்.

ஆகவே இறக்கிய பிறகு ஜின்போலைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றுவதற்கு முன் மரத்தைத் தாங்குகட்டையில் கயிற்றால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அலை வரும்போது மரம் துள்ளும். தாங்குகட்டையே உயரமாக இருந்தாலும் இடிக்கும். இரண்டு நிலை வைத்த கட்டை நல்லது, ஏற்றி இறக்க உயரமான நிலை, பாலத்துக்குத் தாழ்ந்த நிலை.

தண்ணீர்மட்டத்திலிருந்து உங்கள் படகின் மிக உயர்ந்த புள்ளியை அளந்து, காக்பிட்டில் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். பாலத்துக்கு முன்னால் இருக்கும் அளவுப்பலகை அந்த நேரத்து இடைவெளியைக் காட்டும், இரண்டையும் ஒப்பிடுவது மட்டும்தான் வேலை. ஆனால் பாட்டர் ஹெயமில் நடு வளைவு அரைவட்டம். பலகை சொல்லும் உயரம் உச்சியில் மட்டும். அரை மீட்டர் பக்கம் தள்ளினால் கல் தாழ்ந்து வரும், படகின் அகலமான மூலைகளுக்கு இடம் போதாது.

கிரேட் யார்மத் பாலங்களுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அங்கே நீரோட்டம் வேகமானது. தாழ்நீருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வரும் ஓய்ந்த நீரில்தான் கடக்க வேண்டும். மரத்தை அதற்கு வெகு முன்பே, அமைதியான இடத்தில் கட்டி நின்று இறக்கிவிடுங்கள். பாலத்தை நோக்கி ஓட்டம் இழுத்துக்கொண்டு போகையில் சிக்கெடுக்கும் சோதனையில் இறங்க வேண்டாம்.

## மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்க்கட்டை வரை போகிறதா?

இது அறிகுறி இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். தளத்தின் மேல் நிற்கும் மரத்தை மடக்குமரமாக்குவது வேறு. தளத்தின் துளைக்குள் இறங்கிப் படகின் அடிக்கட்டையில் நிற்கும் மரத்தைத் தளமட்டத்தில் அறுத்துக் கீல் வைப்பது வேறு. அந்த மரத்துக்கு இரண்டு இடத்தில் பிடி இருந்தது, அறுத்த பிறகு ஒன்றுதான். அதே தடிமன் குழாய் இனிப் போதாமல் போகலாம். அடியில் தூண் வேண்டும், கம்பி அளவுகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். அறுப்பதற்கு முன்பே ரிக்கரிடம் போங்கள். எந்த வகை மரமானாலும் காப்புறுதிக்காரருக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கிப் படகுக் கோப்பில் வையுங்கள்.